மலைநாட்டு வீட்டுக்கு வாங்கிப் பெறுமதி கண்ட பொருட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில், தேயிலை மலையொன்றின் அடிவாரத்தில், தோட்டத் தொழிலாளருக்கென வரிசையாகக் கட்டிய லயத்து வீடொன்றில் அம்மாவும் நானும் வசிக்கிறோம். அம்மா 31 வருடங்கள் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். நான் நகரத்துக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்கு வாங்கும் ஒவ்வொரு சாமானையும் திகதி, விலை, எத்தனை நாள் உழைத்தது என்ற விபரங்களோடு ஒரு சீஆர் கொப்பியில் எழுதிவைப்பது என் பழக்கம். அந்தக் கொப்பியைப் பற்றித் தெரிந்த உறவினரும் அயலவரும் சம்பளத்தை அண்டிய நாட்களில் வந்து கேட்கும் கேள்விகளையும், நான் அவர்களுக்குச் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒரு பொருள் காசுக்குப் பெறுமதியா என்பதை எதை வைத்துத் தீர்மானிக்கிறீர்கள்?

தோட்டத்தில் ஒரு நாள் வேலை செய்தால் செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், விழும். அம்மா கடையில் எந்தச் சாமானைக் கண்டாலும் அது எத்தனை ரூபாய் என்று பார்ப்பதைவிட எத்தனை பேர் என்றே மனத்துக்குள் பார்ப்பார். நானும் அந்த அளவுகோலையே எடுத்துக்கொண்டேன். 2019இல் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாயாக இருந்தது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயாகவும், 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாகவும் உயர்ந்தது. ஆனால் 2022இல் ரூபாய் விழுந்தபோது இறக்குமதிச் சாமான்களின் விலை ஏறிய வேகம் வேறு. ஆகவே பழைய விலையையும் புதிய விலையையும் ரூபாயில் ஒப்பிட்டுப் பெருமூச்சு விடுவதால் ஒன்றும் விளங்காது. எத்தனை நாள் உழைப்பு என்று பார்த்தால்தான் உண்மையில் விலை ஏறியிருக்கிறதா, எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது பிடிபடும். இதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் கழிக்கப்படுவதையும் மறக்கக்கூடாது. சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தபோது அது போக 1,242 ரூபாய்தான் மிஞ்சியது. பொருளின் விலையை அப்படிக் கையில் மிஞ்சும் தொகையால்தான் வகுக்க வேண்டும்.

அதன் பிறகு நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பொருள் வந்தால், மாதாமாதம் வேறு எதற்காகக் கொடுக்கும் காசு நிற்கும் அல்லது குறையும்? எரிவாயு, மின்சாரம், விறகு, பஸ் கூலி, மருந்து, ஒரு நாள் வேலை என்று ஏதாவது ஒரு பதில் வர வேண்டும். பதிலே வராத பொருட்களையும் நாங்கள் வாங்கியிருக்கிறோம். அவற்றை ஆசைக்கு வாங்கியவை என்று கொப்பியின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

ஒரே ஒரு சாமான் வாங்கக் காசு இருந்தால் எதை வாங்கச் சொல்வீர்கள்?

பிரஷர் குக்கர். கொழும்பில் இருக்கும் என் சித்தி இதைக் கேட்டுச் சிரித்தார். அவருக்கு அது வசதிச் சாமான். இங்கே நிலைமை வேறு. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால், ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஒரு பாகை வீதம் கொதிநிலையும் இறங்குகிறது. ஹட்டனில் அது சுமார் 96 பாகை. 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் சுமார் 94 பாகை. தண்ணீர் ஒருமுறை கொதிக்கத் தொடங்கிவிட்டால், அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் சட்டிக்குள் வெப்பம் அதற்கு மேல் ஏறாது. ஆவிதான் கூடுதலாகப் போகும். கீழ்நாட்டில் சட்டென்று வெந்துவிடும் கடலையும் கௌபியும் இங்கே வேகாமல் அடம்பிடிப்பதற்குக் காரணம் கடைக்காரர் பழைய தானியம் தந்தது மட்டுமல்ல, நாம் இருக்கும் உயரமும்தான்.

குக்கருக்குள் ஆவி அடைபட்டு அழுத்தம் கூடுவதால் மலையுச்சியிலும் வெப்பம் 110 பாகைக்கு மேல் போகிறது. இரவு ஊறவைத்த கௌபியைத் திறந்த சட்டியில் வேகவைக்க எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. குக்கரில் விசில் வந்த பின் அடுப்பைக் குறைத்து வைத்தால் 20 நிமிடம் போதும். 2019இல் 4,800 ரூபாய் கொடுத்து 5 லீற்றர் அலுமினியக் குக்கர் ஒன்றை வாங்கினோம். அன்றைய கணக்கில் ஏழரைப் பேர். அதுவரை 5 வாரம் வந்துகொண்டிருந்த 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் அதன் பிறகு 7 வாரம் வந்தது. அந்தக் கணக்கை அம்மா முதலில் நம்பவில்லை. சிலிண்டர் மாற்றிய திகதிகளை வரிசையாக வாசித்துக் காட்டிய பிறகுதான் பேசாமல் கடலையை ஊறவைத்தார்.

வாங்கும்போது விலையைவிட முக்கியமாக ஒன்றைக் கவனியுங்கள். அந்த வகைக் குக்கருக்கு ரப்பர் வாஷரும், பாதுகாப்பு வால்வும், விசிலும் ஹட்டனிலோ பதுளையிலோ நீங்கள் போகும் நகரத்திலோ தனியாகக் கிடைக்கிறதா என்று கடையிலேயே கேளுங்கள். வாஷர் தேய்ந்துவிடும், அது சாதாரணம். அது கிடைக்காத குக்கர் ஒரு வருடத்தில் அரிசி போட்டுவைக்கும் பாத்திரமாகிவிடும்.

குக்கர் வெடித்துவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன சொல்லலாம்?

மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்; பருப்பு, பயறு போன்ற நுரைக்கும் தானியங்களைப் பாதிக்கு மேல் போடாதீர்கள். ஆவிக்குழாயை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, அடைப்பு இல்லை என்று தெரிந்த பிறகே மூடுங்கள். ஆவி முழுவதும் இறங்கும் முன் மூடியைத் திறக்க முயல வேண்டாம்.

ஃபிளாஸ்க்குக்கு இவ்வளவு காசு கொடுக்க வேண்டுமா? கேத்தல் இருக்கிறதே?

கேத்தல் தண்ணீரைச் சுடவைக்கும், சூட்டைப் பிடித்துவைக்காது. எங்கள் பக்கத்தில் ஜனவரி மாதத்தில் பீலியில், அதாவது மலையூற்றுக் குழாயில், வரும் தண்ணீரைக் கையில் தொட்டால் எலும்புவரை ஏறும். 15 பாகையில் இருக்கும் ஒன்றரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஏறக்குறைய 0.15 அலகு மின்சாரம் செலவாகிறது. விடியற்காலையில் தேத்தண்ணீருக்கு ஒருமுறை, பிள்ளைக்குப் பால் கரைக்க ஒருமுறை, வயதானவர் வாய் கொப்பளிக்க ஒருமுறை, மருந்து குடிக்க ஒருமுறை என்று ஒரு கோப்பைத் தேவைக்காகக் கேத்தலை அரைவாசிவரை நிரப்பி நாலைந்து முறை கொதிக்கவைப்பதுதான் வீடுகளில் நடக்கிறது. நல்ல ஃபிளாஸ்க் ஒன்று இருந்தால் காலையில் ஒரே ஒருமுறை கொதிக்கவைத்தால் போதும்.

இங்கே மின்சாரக் கட்டணத்தின் அமைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு கட்டண வரிசை. 60ஐத் தாண்டிவிட்டால் முதல் அலகிலிருந்தே வேறு வரிசை, நிலையான கட்டணமும் கூடுதல். ஆகவே 58 அலகுக்கும் 62 அலகுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் நாலு அலகின் விலை மட்டுமல்ல. அந்த எல்லையில் நிற்கும் லயத்து வீடுகள் பல; எங்கள் வீடும் அப்படித்தான். ஃபிளாஸ்க் வந்த பிறகு எங்கள் மின்சாரப் பட்டியல் 60ஐத் தாண்டிய மாதங்கள் குறைந்தன.

எங்கள் முதலாவது ஃபிளாஸ்க் கண்ணாடிக் குடுவை உள்ளது. வாங்கி மூன்றாம் வாரம், பனி கொட்டிய ஒரு காலையில், அடுப்பிலிருந்து இறக்கிய தண்ணீரை நேரே அதற்குள் ஊற்றினேன். உள்ளே "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். தூக்கி ஆட்டிப் பார்த்தால் மணல் உருளுவதுபோல் கேட்டது. பிழை ஃபிளாஸ்க்கில் இல்லை, என்னில். குளிர்ந்திருக்கும் கண்ணாடிக் குடுவைக்குள் முதலில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, ஒரு நிமிடம் வைத்து, கொட்டிவிட்டுத்தான் கொதிதண்ணீரை ஊற்ற வேண்டும். அப்படிச் செய்தால் கண்ணாடியும் தப்பும், சூடும் அதிக நேரம் நிற்கும். நல்ல வேளையாக உள்குடுவை மட்டும் தனியாகக் கிடைத்தது. இப்போது வீட்டில் வைப்பதற்குக் கண்ணாடிக் குடுவை ஃபிளாஸ்க்கும், வெளியே கொண்டுபோவதற்கு எவர்சில்வர் ஃபிளாஸ்க்கும் வைத்திருக்கிறோம். எவர்சில்வர் விழுந்தால் நசுங்கும், ஆனால் உடையாது. மலைக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு அதுவே ஏற்றது.

பால் தேத்தண்ணீரை ஃபிளாஸ்க்கில் மணிக்கணக்கில் வைக்காதீர்கள். பால் கெட்டுப்போகும், மூடியில் ஏறிய வாடை பிறகு போகவே போகாது. சாயத்தண்ணீரை ஊற்றிக்கொண்டு, பால்மாவையும் சீனியையும் தனியாகக் கொண்டுபோவது நல்லது. வாடை பிடித்துவிட்டால் அப்பச்சோடா ஒரு கரண்டி போட்டு, சுடுதண்ணீர் ஊற்றி இரவு முழுவதும் வைத்துக் கழுவுங்கள். பாவிக்காத நாட்களில் மூடியைத் திறந்தே வையுங்கள்.

மழைக்காலத்துக்கு என்ன வாங்குவது பெறுமதி?

மேற்குச் சரிவில் உள்ள எங்களுக்கு மே மாதத்திலிருந்து செப்டெம்பர்வரை தென்மேல் பருவமழை. கிழக்கே ஊவாப் பக்கத்தில் உள்ளவர்களுக்கு வருடக் கடைசியிலும் தை மாதத்திலும்தான் பெருமழை. எந்தப் பக்கமானாலும் குடைக்குக் கொடுக்கும் காசைவிடக் காலுக்குக் கொடுக்கும் காசு பெறுமதியானது என்பதே என் கருத்து. குடை காற்றில் புரளும். இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது அதைப் பிடிக்கவும் முடியாது. முழங்காலுக்குக் கீழ்வரை வரும் ரப்பர் பூட்ஸ், சேற்றையும் தேயிலைச் செடியின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சிகளையும் தடுக்கும். அட்டையை முழுவதும் தடுக்காது. அது பூட்ஸின் மேலேறி உள்ளே இறங்கத் தெரிந்த சீவன். ஆனால் ஏறி வருவதைக் கண்டு தட்டிவிட நேரம் கிடைக்கும். சவர்க்காரத்தைப் பூட்ஸின் மேல்விளிம்பைச் சுற்றித் தடிப்பாகத் தேய்த்துக்கொள்வது அம்மாவின் முறை.

தடித்த மேசுடன் போட்டுப் பார்த்தே அளவை எடுங்கள். நனைந்த பூட்ஸை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் ரப்பர் வெடிக்கும். பழைய வீரகேசரித் தாளைக் கசக்கி உள்ளே திணித்து வைத்தால் விடியும்போது ஈரம் தாளில் இருக்கும்.

கம்பளிச் சட்டையும் ஜக்கெட்டும் புதிதாக வாங்குவதா, பேல் கடையில் வாங்குவதா?

வெளிநாட்டுப் பழைய உடுப்பு விற்கும் பேல் கடையில். நுவரெலியாவின் பேல் கடைகளில் குளிர்நாட்டுக்குத் தைத்த ஜக்கெட்டுகள் புதியவற்றைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. சிப்பைப் பத்து முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். உள்பக்கத்தைப் புரட்டித் தையலைப் பாருங்கள். அக்குளை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். சித்திரை மாதத்தில் வசந்தகாலக் கூட்டம் வந்து நிறையும் நாட்களில் போகாதீர்கள், விலை பேச முடியாது.

உடுப்பு காயவில்லை. வோஷிங் மெஷின் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் கடைக்காரர் முதலில் காட்டும் தானியங்கி மெஷினை வாங்க வேண்டாம். அதற்குக் குழாயில் ஓரளவு தண்ணீர் அழுத்தம் வேண்டும். மலையிலிருந்து ஒல்லிக் குழாயில் இறங்கி, பத்து வீட்டுக்குப் பிரிந்து வரும் தண்ணீரில் அது பாதியில் நின்று ஒளி காட்டிக்கொண்டிருக்கும். இரண்டு தொட்டி உள்ள அரைத் தானியங்கி மெஷினில் வாளியால் தண்ணீர் ஊற்றலாம்.

உண்மையில் எங்களுக்கு வேண்டியது துவைக்கும் தொட்டியே அல்ல, பிழியும் தொட்டிதான். துவைப்பது பீலிக்கரையிலும் நடக்கும். நிமிடத்துக்கு 1,300 சுற்றுக்கு மேல் சுழலும் அந்தத் தொட்டியில் 5 நிமிடம் வைத்த பாடசாலைச் சீருடை, மழை பெய்யும் நாளிலும் இஸ்தோப்புக் கொடியில் ஒரே இரவில் உடுத்தும் அளவுக்குக் காய்கிறது. முன்பு ஈரச் சீருடையை அடுப்புக்கு மேல் கட்டித் தொங்கவிடுவோம். விடிந்தால் புகை மணம். அதைப் போட்டுக்கொண்டு நகரத்துப் பாடசாலைக்குப் போன நாட்களில் வகுப்பில் யார் பக்கத்தில் உட்காருவது என்பதே ஒரு யோசனையாக இருந்தது. அந்தக் காரணத்துக்காகவே இதை ஆசைக் கணக்கில் எழுதாமல் முன்பக்கத்தில் எழுதினேன்.

மிகக் குறைந்த விலையில் மிகக் கூடுதலான பயன் தந்தது எது?

அம்மாவின் வாசிப்புக் கண்ணாடி. ஒன்றரைப் பேருக்கும் குறைவான விலை.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டப் பார்வை மங்குவதை வெள்ளெழுத்து என்கிறோம். வாசிக்கிறவர்களுக்குத்தான் அது தொந்தரவு என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். ஆனால் கொழுந்து எடுப்பதும் கிட்டப் பார்வை வேலைதான்; இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது, முற்றல் இலை எது என்று கை போகும் வேகத்தில் கண்ணும் போக வேண்டும். இந்தியாவின் அசாம் மாநிலத்தில், 40 வயதைத் தாண்டிய 751 தேயிலைத் தொழிலாளர்களிடம் செய்த ஆய்வொன்று 2018இல் வெளியானது. ஒரு பகுதியினருக்குக் கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுத்து, மற்றப் பகுதியினருக்கு ஆய்வு முடிந்த பின் கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் எடுத்த கொழுந்தின் அளவு, போடாதவர்களோடு ஒப்பிடும்போது ஏறக்குறைய 22 சதவீதம் கூடியிருந்தது. அம்மா வேலையில் இருந்த கடைசி ஐந்து வருடமும் கிலோ குறைந்து அரைப்பேர் விழுந்த நாட்களை நினைத்து, அந்தச் செய்தியை நான் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் வாங்கினோம். முதல் நாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுளகில் அரிசியைப் பரப்பியவர், சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இவ்வளவு கல்லையுமா இத்தனை நாளும் உங்களுக்குப் போட்டேன்?" என்றார்.

கடையில் +1.00 முதல் +3.00 வரை ஆயத்தக் கண்ணாடிகள் இருக்கும். வேலை செய்யும் தூரத்தில் ஒரு மருந்துப் பெட்டியின் சிறிய எழுத்தைப் பிடித்துப் பார்த்து, தெளிவாகத் தெரியும் மிகக் குறைந்த இலக்கத்தை எடுங்கள். ஆனால் நீரிழிவு உள்ளவர்களும், இரண்டு கண்ணிலும் பார்வை ஒரே மாதிரி இல்லாதவர்களும், தூரப் பார்வையும் மங்கியவர்களும் முதலில் அரசாங்க வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவில் காட்ட வேண்டும். வெள்ளெழுத்து என்று நினைத்தது வெண்புரையாகவும் இருக்கலாம்.

வீட்டுக்கு எதற்குத் தராசு?

கையில் பிடித்துத் தூக்கும் மின்னணுத் தொங்கு தராசைத்தான் சொல்கிறேன்; 50 கிலோவரை நிறுக்கும். எரிவாயுச் சிலிண்டரின் மேற்பகுதியில் வெற்றுச் சிலிண்டரின் நிறை எழுதப்பட்டிருக்கும். அதனோடு 12.5 கிலோவைக் கூட்டினால் வரும் நிறை இருக்கிறதா என்று வாங்கிய இடத்திலேயே பார்க்கலாம். மாத நடுவில் தொங்கவிட்டால் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதும் தெரியும். வீட்டுத் தோட்டத்துக் கோவாவையும் லீக்ஸையும் வாங்க வருகிற வியாபாரியிடம் கொடுக்கும் முன் நாங்களும் ஒருமுறை நிறுத்துப் பார்க்கிறோம்.

கொழுந்து விடயத்தில் இதைச் சற்று நிதானமாகப் பாவிக்க வேண்டும். ஈர இலைக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோக் கழிப்பது எப்போதும் வாக்குவாதம்தான். என் அக்கா வேலை செய்யும் தோட்டத்தில் அவள் இரண்டு வாரம் வீட்டுத் தராசில் நிறுத்து, திகதி போட்டு எழுதிக்கொண்டுபோய், கழிவு எந்தக் கணக்கில் என்று கேட்டாள். சத்தம் போடவில்லை, கொப்பியை மட்டும் நீட்டினாள். அடுத்த வாரத்திலிருந்து கழிவைத் துண்டில் எழுதிக் கொடுத்தார்கள். வியாபாரத்தில் பாவிக்கும் தராசுக்கு அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை வேண்டும். நம் வீட்டுத் தராசு அப்படிப்பட்டதல்ல, ஆகவே அது சாட்சியாகாது. கேள்வி கேட்க உதவும். வாங்கியதும் ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ காட்டுகிறதா என்று, வெற்றுப் போத்தலின் நிறையைக் கழித்துப் பாருங்கள்.

நனையாத ஆவணப் பைக்குக் காசு செலவழிப்பது வீண் இல்லையா?

மலையகத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியை நாம் கேட்கக்கூடாது என்று எனக்குத் தோன்றும். 1948இல் குடியுரிமையை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்தில் யார் இந்தியா, யார் இலங்கை என்று பெயர்கள் பிரிந்து, 2003இல் சட்டம் வந்து எஞ்சியோருக்கும் குடியுரிமை கிடைக்கும்வரை, கையில் ஒரு தாள் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் குடும்பங்கள் தங்கியிருந்தன. தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழை அம்மாயி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். டின் துருப்பிடித்து, துரு தாளில் ஏறி, இப்போது முத்திரையின் பாதிதான் தெரிகிறது.

எங்கள் மலைகளில் மண்சரிவும் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போயின. எச்சரிக்கை வந்து வெளியேறச் சொன்னால், எதை எடுப்பது என்று தேட நேரமிருக்காது. வாய்ப்பகுதியைச் சுருட்டிக் கொளுவும் தடித்த பை ஒன்றில் பிறப்புச் சான்றிதழ்கள், விவாகச் சான்றிதழ், சேமலாப நிதித் தாள்கள், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகள், மருத்துவக் கொப்பி ஆகியவற்றைப் போட்டு, கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருக்கிறோம். விலை இரண்டு பேர்கூட இல்லை.

அசல் சான்றிதழ்களை லெமினேட் செய்யாதீர்கள். ஒட்டிய பிளாஸ்டிக்கை உரிக்க முயன்றால் தாளும் வந்துவிடும். பின்பக்கத்தில் ஒரு முத்திரையோ கையெழுத்தோ வேண்டியிருந்தால் அதற்கும் வழியில்லை. புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரமுறிஞ்சும் சின்னப் பொட்டலங்களை எறியாமல் பைக்குள் போட்டால் பூஞ்சணம் பிடிக்காது.

காசைக் கொட்டி வருந்திய பொருள் உண்டா?

உண்டு. அறையைச் சூடாக்கும் ஹீட்டர். 2,000 வொட் ஹீட்டரை நாளுக்கு 3 மணித்தியாலம் போட்டால் 6 அலகு. 30 நாளில் 180 அலகு. ஹீட்டர் ஒன்றே வீட்டை 60 அலகு வரிசையிலிருந்து தூக்கி மேல்படிகளில் வைத்துவிடும். அதோடு, தகரக் கூரையும் பலகை இடுக்குகளும் உள்ள வீட்டில் அது ஊதும் சூடு நேரே மேலே போய் வெளியேறுகிறது. அறை சூடாவதில்லை, கூரைக்கு மேல் தூங்கும் பூனைக்குத்தான் சுகம். முதல் பட்டியல் வந்த அன்று அதைப் பெட்டியில் போட்டு அட்டாலிக்கு ஏற்றினோம். இரவுக்கு ரப்பர் சுடுநீர்ப் பை ஒன்றும் தடித்த கம்பளி ஒன்றும் போதும் என்று இப்போது சொல்கிறேன். சுடுநீர்ப் பைக்குள் கொதிக்கும் தண்ணீரை ஊற்றாமல் சற்று ஆறவிட்டு ஊற்றி, துணியால் சுற்றிப் படுக்கையில் வையுங்கள்.

தவணைக்கு வாங்கினால் என்ன?

எதிர்பாராமல் குளிரூட்டி பழுதாகி, மருந்து வைக்க உடனே வேண்டும் என்றால் வேறு வழியில்லை. மற்றப்படி, தவணைத் தொகையைக் கேட்காமல் முழுத் தொகையைக் கேளுங்கள். நகரத்தில் ஒரு கடையில் கைக்காசுக்கு 60,000 ரூபாய் என்ற சாமானை, மாதம் 6,500 ரூபாய் வீதம் 12 மாதம் கட்டலாம் என்றார்கள்; கூட்டிப் பார்த்தால் 78,000. அந்த 18,000 ரூபாய், 1,242 ரூபாய்க் கணக்கில், பதினாலரைப் பேர். லயத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து பிடிக்கும் மாதச் சீட்டில் வட்டியில்லை. முறை வரும்வரை பொறுக்க வேண்டும், அவ்வளவே. எங்கள் இரட்டைத் தொட்டி மெஷின் சீட்டுக் காசில் வந்தது.

மின்வெட்டுக்கு எந்த விளக்கு?

தலையில் மாட்டும் லித்தியம் டோர்ச். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம்வரை மின்சாரம் நின்ற நாட்களில் அதை வைத்தே சமைத்தோம், படித்தோம். கை இரண்டும் சும்மா இருந்தது. பழைய பாணி ஈய மின்கலம் உள்ள பெரிய விளக்குகளைச் சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் வைத்தால் மின்கலம் செத்துப்போகும். எல்லார் வீட்டிலும் அப்படி ஒன்று அலுமாரிக்கு மேல் இருக்கிறது.

எரிவாயு வந்த பிறகு விறகடுப்பை எடுத்துவிடலாமா?

எடுக்க வேண்டாம் என்பது 2022 கற்றுத்தந்தது. எரிவாயுக்கு வரிசையில் நின்ற மாதங்களில், அடுப்பை இடித்துவிட்டு டைல்ஸ் பதித்தவர்கள் மூன்று கல்லை வைத்து முற்றத்தில் மழையில் சமைத்தார்கள். ஆனால் மூன்று கல் அடுப்பு விறகைத் தின்னும், புகையும் கூட. களிமண்ணில் ஒரே துண்டாகச் செய்யும் இரட்டை அடுப்பான அனகி அடுப்பை வாங்கிப் பதிப்பது நல்லது. 1980களில் நம் நாட்டிலேயே உருவாக்கிப் பரப்பியது அது. ஒரே வாயில் விறகு வைத்தால், முன்சட்டியைச் சூடாக்கிய தீ உள்வழியாகப் போய்ப் பின்சட்டிக்கும் சூடு கொடுக்கும். முன்னால் சோறும் பின்னால் சுடுதண்ணீரும் ஒரே விறகில் ஆகிவிடும். வாங்கியதை அப்படியே வைத்து எரித்தால் சீக்கிரம் வெடிக்கும். சுற்றிலும் களிமண்ணும் மணலும் குழைத்துக் கைப்பிடித் தடிப்பில் அணைத்து, நிழலில் காயவிட்டு, முதல் சில நாட்களுக்குச் சிறு சுள்ளிகளால் மட்டும் எரியுங்கள். எங்களுடையதை அம்மா ஒரு வாரம் காயவிட்டார். பின்வாயில் இப்போதும் காலை ஐந்து மணிக்கு ஃபிளாஸ்க்குக்குத் தண்ணீர் கொதிக்கிறது.